விட்டுவிட்டு எரியும் விளக்கும் காணாமை என்னும் அளவையும்

பழைய கார் ஒன்றின் முன்விளக்கு ஓடிக்கொண்டிருக்கும்போது நூர்கிறது. சிறிது தூரம் போனபின் தானாகவே மறுபடி எரிகிறது. மறுநாள் கராச்சில் நிறுத்திச் சுவிச்சைப் போட்டால் ஒரு குறையுமில்லாமல் எரிகிறது. அந்த நேரத்தில் பழுது காருக்குள் இருக்கிறதா, இல்லையா? திருத்துபவருக்கு இது தொழிற் கேள்வி. தத்துவத்திலோ இது நூற்றாண்டுகளாக நடக்கும் வழக்கு. ஒரு பொருளைக் காணாமை, அந்தப் பொருள் இல்லை என்பதற்குச் சான்றாகுமா? மீமாம்சையும் நியாயமும் பௌத்தமும் சைவ சித்தாந்தமும் இதற்கு வெவ்வேறு விடை சொல்லியிருக்கின்றன. நூர்ந்து நூர்ந்து எரியும் ஒரு விளக்கு, அந்த விடைகளில் எது எவ்வளவு தூரம் செல்லும் என்பதைக் கையால் தொட்டுப் பார்க்க இடம் தருகிறது.

யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் இந்தக் கேள்விக்கு இரட்டைப் பொருத்தம் உண்டு. மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ40 போன்ற பிரித்தானியக் கார்கள் யாழ்ப்பாணத்தில் இன்றும் ஓடுகின்றன. 1990இன் பின் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டபோது அவை மண்ணெண்ணெயில் ஓடின. பற்றரியும் தடைப்பட்டியலில் இருந்த காலம் அது. உதிரிப்பாகம் கிடைக்காத ஆண்டுகளில் கைக்கு வந்த வயரையே முறுக்கிச் சுற்றி ஒட்டி ஓட்டவேண்டியிருந்தது. ஆகவே வரைபடத்தில் உள்ள வயர் நிறமும் காரில் உள்ள நிறமும் ஒத்துப்போகும் என்று எதிர்பார்க்க முடியாது. ஊரின் இருப்பிடமும் பழுதுக்குத் துணைபோகிறது. வழுக்கையாறு வந்து விழும் அராலிக் கடனீரேரி ஒருபுறம். பொன்னாலையிலிருந்து கடலுக்கு நடுவே காரைநகர் நோக்கிச் செல்லும் பாலம் மறுபுறம். உப்புக் காற்றும் ஐப்பசி, கார்த்திகை மழையும் இரும்பையும் பித்தளையையும் சும்மா விடுவதில்லை. மற்றப் பொருத்தம் இவ்வூர்ச் செமினரியில் 1829இல் எழுந்த ஒரு விவாதம். அது பின்னே வரும்.

முதலில் விளக்கு எப்படி எரிகிறது என்பது தெளிவாகவேண்டும். இந்தக் கார்களில் பற்றரியிலிருந்து விளக்குக்கு ஒரு வயரே செல்கிறது. திரும்பி வரும் பாதை காரின் உடல்தான். இதைத்தான் கராச்சில் ஏர்த் என்கிறார்கள். பின்னாளைய கார்களில் பற்றரியின் எதிர்முனை உடலோடு இணைந்திருக்கும்; தைனமோ பூட்டிய பழைய பிரித்தானியக் கார்களிற் பெரும்பாலானவற்றில் நேர்முனை இணைந்திருக்கும். லூக்காஸ் நிறுவனத்தின் வயர் ஒழுங்கில் மண்ணிறம் பற்றரியிலிருந்து நேரே வருவது, நீலம் முன்விளக்குகளுக்கு, சிவப்பு பக்க விளக்குக்கும் பின்விளக்குக்கும், கறுப்பு ஏர்த். மொறிஸ் மைனரில் இரண்டே பியூஸ்கள் உள்ளன. முன்விளக்குச் சுற்று அவை இரண்டிலும் சேராது. முன்விளக்கு நூர்கிறது என்று வந்தவரிடம் பியூஸ் நன்றாக இருப்பதாகச் சொல்வதில் பயனில்லை என்பது இதிலிருந்து தெரியும். வயர்களை இணைப்பவை குண்டு முனைகளை உள்ளே தள்ளிப் பூட்டும் சிறு உலோகக் குழல்கள். மேலே இறப்பர் உறை. அறுபது ஆண்டில் இறப்பர் வெடிக்கிறது, உள்ளே ஈரம் புகுகிறது, உலோகத்தின்மேல் பச்சைப் படலம் பிடிக்கிறது.

கராச்சுக்கு முதலில் வந்து சேர்வது விளக்கல்ல, அதைப் பற்றிய பேச்சு. “ஓடேக்க நூந்து நூந்து எரியுது, ஏர்த் போட்டுது போல” என்று காருக்குரியவர் சொல்கிறார். திருத்துபவர் அந்த நூர்தலைக் காணவில்லை. அறிவைத் தரும் வழிகளை அளவை என்பது மரபு; அவர் கையில் இருப்பது உரை, அதாவது பிறர் சொல், என்னும் அளவை மட்டுமே. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார், பிறர் சொல்லும் பத்து அளவைகளை எண்ணி, அவையனைத்தும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றில் அடங்கும் என்கிறது. சித்தாந்தத்தில் உரை என்றால் முதன்மையாக ஆகமம். நியாய நூலார் நம்பத்தக்க எவர் சொல்லையும் உரையாக ஏற்பர். கராச்சில் நியாய நூலாரின் விரிந்த கணக்கே உதவும். ஆனால் ஒரு பிரிப்பு வேண்டும். காருக்குரியவரின் அந்த ஒரு வசனத்தில் இரண்டு அளவைகள் கலந்து கிடக்கின்றன. நூர்ந்து எரிந்தது அவர் கண்டது. ஏர்த் போனது அவர் கருதியது. கண்டதை அவரிடமிருந்து முழுமையாக வாங்கவேண்டும். ஒரு பக்கமா, இரண்டு பக்கமுமா? முழுதாக நூர்ந்ததா, மங்கியதா? மழையிலா, வரண்ட இரவிலா? புறப்பட்டு எவ்வளவு நேரத்தின் பின்? கல்லொழுங்கையிலா, தார் வீதியிலா? அவர் கருதியதை மரியாதையோடு ஒருபுறம் வைத்துவிடலாம். திருத்தும் தொழிலில் வீணாகும் நேரத்தில் பெரும்பகுதி, இன்னொருவரின் கருதலைக் காட்சி என்று எடுத்துக்கொள்வதால் வீணாகிறது.

இந்த வகைக் காருக்கு எப்போதும் சுவிச்சில்தான் வருத்தம் என்பது போன்ற பேச்சுகளும் உண்டு. மணிமேகலையில் அளவைவாதி எண்ணும் அளவைகளில் ஐதிகம் ஒன்று. ஒரு மரத்தில் பேய் உண்டு என்று ஊரார் வழிவழியாகச் சொல்வதை நம்புதல் அதற்கு அங்கே காட்டப்படும் எடுத்துக்காட்டு. ஐதிகம் முழுவதும் பொய்யென்று தள்ளத் தேவையில்லை. எங்கே முதலில் பார்க்கலாம் என்பதற்கு அது போதும். எது பழுது என்று தீர்ப்பதற்கு அது போதாது.

அடுத்தது காட்சி. சித்தாந்த நூல்கள் மாசற்ற காட்சியிலிருந்து ஐயத்தையும் திரிவையும் விலக்குகின்றன. பழைய காரின் பின்விளக்குக் கூட்டில் திரிவுக் காட்சி வெகு எளிதாக ஏற்படும். பின்விளக்கு, பிறேக் விளக்கு, சிக்னல் விளக்கு மூன்றுக்கும் ஒரே ஏர்த். அது துருப்பிடித்து விட்டுப்போனால், பிறேக்கை மிதிக்கும்போது பாயும் மின் வெளியேற வழியின்றிச் சிக்னல் பல்புக்குள் பின்புறமாக நுழைந்து வேறு பாதையால் உடலை அடைகிறது. பிறேக் விளக்கு மங்க, சிக்னல் விளக்கு மெல்ல ஒளிர்கிறது. கண்டவர் சிக்னல் சுவிச்சைக் கழற்றுகிறார். கண்ணில் பட்டது சிக்னல் விளக்கு என்பது உண்மையே. பழுது அங்கே இருப்பதாகக் கொண்டதில்தான் திரிவு.

இன்னொரு மயக்கமும் உண்டு. தைனமோ பூட்டிய காரில் எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது விளக்கு மங்குவதும், வேகம் கூட்டினால் பிரகாசிப்பதும் அந்த இயந்திரத்தின் இயல்பு. தைனமோ குறைந்த வேகத்தில் போதிய மின்னைத் தராது. ஒரு பொருளின் இயல்பை அறியாதவருக்கு அதன் குற்றத்தையும் பிரித்தறிய முடியாது.

இப்போது நடுவான கேள்விக்கு வரலாம். கராச்சில் விளக்கு எரிகிறது, நூரவில்லை. இந்தக் காணாமையிலிருந்து என்ன பெறலாம்? மீமாம்சையில் குமாரில பட்டரின் வழியினர் காணாமையைத் தனி அளவையாகவே ஏற்றனர். அத்வைதிகளும் அதை ஏற்றனர். நியாய நூலார் அதைத் தனி அளவையாகக் கொள்ளாமல் காட்சியோடு சேர்த்தனர். சித்தியாரில் அநுபலத்தி என்ற பெயரில் அது கருதலுக்குரிய மூன்று ஏதுக்களுள் ஒன்றாக, இயல்பு, காரியம் என்பவற்றோடு நிற்கிறது. குளிர் இல்லாமையால் பனி இல்லை என்று அறிவது அதற்கு எடுத்துக்காட்டு. எங்கே வைத்து எண்ணுவது என்பதில் இவர்கள் வேறுபட்டாலும், இந்திய அளவை மரபில் இதைப் பற்றி வளர்ந்த ஒரு நிபந்தனை மிகக் கூர்மையானது. எல்லாக் காணாமையும் சான்றாகாது. அந்தப் பொருள் அங்கே இருந்திருந்தால் கட்டாயம் கண்ணில் பட்டிருக்கும் என்று சொல்லத்தக்க சூழலில் நேரும் காணாமை மட்டுமே சான்று. வெளிச்சமான நிலத்தில் குடம் தென்படாவிட்டால் அங்கே குடம் இல்லை. இருட்டில் தென்படாவிட்டால் ஒன்றும் சொல்வதற்கில்லை.

கராச் இந்த நிபந்தனையை நிறைவேற்றுவதில்லை. கார் அங்கே அதிராமல் நிற்கிறது, இடம் வரண்டது, விளக்கு எரியத் தொடங்கி இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். பழுது வெளிப்படுவதற்கு அதிர்வோ ஈரமோ வெப்பமோ வேண்டுமென்றால், இம்மூன்றும் இல்லாத இடத்தில் அது வெளிப்படாமல் இருப்பது எதிர்பார்க்கவேண்டியதே. அத்தகைய இடத்தில் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று காரைத் திருப்பி அனுப்புவது அளவைப் பிழை.

மீற்றரும் இதே பிழைக்கு இடங்கொடுக்கும். விளக்கை நூத்துவிட்டு வயரின் தடையை மீற்றரால் அளந்தால், பல இழைகள் அறுந்து ஓரிழை மட்டும் மிஞ்சிய வயரும் நல்ல வயர் போலவே காட்டும். மீற்றர் அனுப்பும் மின்னோட்டம் அவ்வளவு சிறியது. அதற்கு ஓரிழை போதும். 45 வாற் பல்புக்கோ 12 வோல்ற்றில் ஏறக்குறைய 3.75 அம்பியர் வேண்டும். அவ்வளவு ஓட்டம் பாயும்போது துருவும் அறுந்த இழையும் தம்மை வெளிக்காட்டுகின்றன. எனவே விளக்கை எரியவிட்டு, ஒவ்வோர் இணைப்பின் இரு பக்கமும் மீற்றர் முனைகளை வைத்து, அந்த இடத்தில் எத்தனை வோல்ற்று இழக்கப்படுகிறது என்று அளக்கவேண்டும். பல்பின் உடலுக்கும் பற்றரியின் ஏர்த் முனைக்கும் இடையில் வோல்ற்றின் சிறு பின்னம் மட்டும் காட்டினால் ஏர்த் நன்று. அங்கே அரை ஓம் தடை புகுந்திருந்தால் ஏறக்குறைய ஒன்றரை வோல்ற்று போய்விடும். பல்பின் வெளிச்சம் வோல்ற்றைவிட மிக வேகமாக விழுவதால், அந்தச் சிறு இழப்புக்கே வெளிச்சத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் மறைகிறது. சுமையோடு அளந்தபோது இழப்பைக் காணவில்லையென்றால் அந்தக் காணாமைக்கு மதிப்பு உண்டு. சுமையில்லாமல் அளந்ததற்கு இல்லை.

காட்சிக்குத் தக்க சூழல் கராச்சில் இல்லையென்றால் அதை உண்டாக்க வேண்டும். பழுதைத் தேடுவதில் கடினமானதும் பலர் தாண்டிப் போவதும் இந்தப் படிதான். விளக்கை எரியவிட்டு, விளக்குக் கூட்டை மரச் சுத்தியலின் பிடியால் மெல்லத் தட்டுவது; வயர்க் கட்டை ஒவ்வொரு சாணாகப் பிடித்து அசைப்பது; காலால் மிதிக்கும் டிம் சுவிச்சைப் பலமுறை அமுக்குவது, ஏனென்றால் அது தரையில் இருந்து மழைநீரையும் மணலையும் வாங்கிக்கொள்கிறது; அரை மணி நேரம் எரியவிட்டுச் சுவிச் சூடாகும்வரை பார்த்திருப்பது; இணைப்புகளில் தண்ணீரைத் தூவிப் பார்ப்பது. இருபது நிமிடத்தின் பின்னரே நூர்கிறதென்றால் வெப்பத்தால் விரிந்து விலகும் தொடுகையைச் சந்தேகிக்கலாம். பள்ளத்தில் விழும்போது மட்டும் நூர்கிறதென்றால் தளர்ந்த முனையை. மழையின் பின் மட்டும் என்றால் பச்சைப் படலத்தையும் துருப்பிடித்த ஏர்த்தையும்.

ஒன்று உள்ளபோது மற்றொன்று உள்ளது என்று காண்பதை அளவை நூல்கள் அந்நுவயம் என்றும், ஒன்று இல்லாதபோது மற்றொன்றும் இல்லை என்று காண்பதை வெதிரேகம் என்றும் சொல்லும். ஏர்த்தைச் சந்தேகிப்பவர் விளக்கின் உடலிலிருந்து பற்றரியின் ஏர்த் முனைக்குத் தனியே ஒரு வயர் பிடிக்கிறார்; நூர்தல் நிற்கிறது. வயரை எடுக்கிறார், நூர்தல் திரும்பி வருகிறது. இரண்டும் சேர்ந்தால் காரணம் நிலைபெறும். ஒன்று மட்டும் போதாது என்பதற்கு இத்தொழிலில் தனிக் காரணம் உண்டு. இணைப்பைக் கழற்றிப் பார்த்துவிட்டு மறுபடி பூட்டினாலே படலம் உராய்ந்து நீங்கிச் சில கிழமைகளுக்கு விளக்கு நன்றாக எரியும். ஐந்து இணைப்புகளை ஒன்றாகக் கழற்றிப் பூட்டியவருக்கு விளக்கு எரிந்தாலும் எது காரணம் என்று தெரியாது. ஆகவே பழுதை வரவழைக்கும்முன் எதையும் கழற்றலாகாது. கழற்றினாலும் ஒரு தடவைக்கு ஒன்றே. வரவழைக்கவும் நிறுத்தவும் முடிந்த பழுதே அறியப்பட்ட பழுது.

தோன்றாத வேளையில் பழுது எங்கே இருக்கிறது என்ற கேள்வி எஞ்சுகிறது. சித்தாந்தம் சற்காரியவாதத்தை ஏற்பது. காரியம் தோன்றுமுன் காரணத்தில் நுண்மையாக உள்ளது. தோற்றம் என்பது வெளிப்பாடு. நியாய நூலார் காரியத்தைப் புதிதாகத் தோன்றுவது என்பர். பௌத்தருட் சிலர் எல்லாப் பொருளும் கணந்தோறும் புதிது என்பர். சித்தியாரில் பிறர் கொள்கைகளை ஆராயும் பகுதியான பரபக்கம் அதை விரிவாக மறுக்கிறது. விளக்கைப் பொறுத்தவரை இரண்டைப் பிரித்துப் பேசினால் பாதிச் சிக்கல் தீரும். நூர்தல் ஒரு நிகழ்வு; அது கராச்சில் இல்லை. துரு ஒரு நிலை. அது கராச்சிலும் இருக்கிறது, பாலத்திலும் இருக்கிறது. நிலை முதற்காரணமாக நிற்க, அதிர்வோ ஈரமோ துணைக்காரணமாக வந்து சேரும்போது நிகழ்வு வெளிப்படுகிறது. திருத்துபவர் எந்த மதத்தவராயினும் வேலை செய்யும் நேரத்தில் சற்காரியவாதியாகவே நடந்துகொள்கிறார். அவர் நிகழ்வைத் திருத்துவதில்லை. அது ஏற்கெனவே முடிந்துபோனது. அவர் கை வைப்பது நிலையில்.

இதே தர்க்கத்துக்கு ஓர் ஆபத்தும் உண்டு. தோன்றாதது இல்லை என்று சொல்லக்கூடாது என்பதை வைத்துக்கொண்டு எதையும் உண்டு என்று சொல்லிவிடலாம். தென்படாததற்குச் சூழல் தக்கதாக அமையவில்லை என்று ஒவ்வொரு தடவையும் காரணம் காட்டலாம். அதைத் தடுக்கும் வழி ஒன்றே. எந்தச் சூழலில், எப்போது, எவ்வளவு தோன்றும் என்று சொல்பவர் முன்கூட்டியே சொல்லவேண்டும். வட்டுக்கோட்டையில் இது ஒருதடவை ஊரறிய நடந்தது. அமெரிக்க மிசன் 1823இல் இங்கே செமினரியைத் தொடங்கியது. தானியேல் பூவர் அதன் முதல் அதிபர். 1829 மார்ச் 20இல் நிகழவிருந்த சந்திர கிரகணத்தைப் பற்றி, அயலூரான அராலியின் பஞ்சாங்க கணிதர் விசுவநாத சாஸ்திரியார் கணித்ததும் பூவர் கணித்ததும் வேறுபட்டன. எப்போது தொடங்கும், சந்திரனில் எவ்வளவு மறையும், எவ்வளவு நேரம் நிற்கும் என்பவற்றில் இருவரும் முன்னரே தம் கணிப்பைச் சொல்லிவிட்டனர். அன்றிரவு பூவரின் கணக்கே ஒத்தது. இருவருமே பாராட்டுக்குரியவர்கள்; ஏனென்றால் தம் கூற்றைப் பொய்யாக்கக்கூடிய காட்சி எதுவென்பதை இருவரும் முன்வைத்தார்கள்.

ஆனால் அந்த இரவிலிருந்து மிசனரிமார் எடுத்த முடிவு சான்றின் எல்லையைத் தாண்டியது. பஞ்சாங்கக் கணக்கின் பிழையைப் புராணத்தின் பிழையாகவும், அதிலிருந்து சைவத்தின் பிழையாகவும் அவர்கள் விரித்தார்கள். பஞ்சாங்கக் கணிதம் புராணங்களைச் சார்ந்து நடப்பதல்ல. சித்தாந்தம் என்றே பெயர்பெற்ற, ஆனால் சைவ சித்தாந்தத்தின் வேறான, வானியல் நூல்களைச் சார்ந்தது. பூவருக்குப் பின் செமினரியை நடத்திய ஹொய்சிங்ரன் அந்தக் கணிதத்தைப் படித்து 1848இல் அதைப்பற்றி நூலே வெளியிட்டார். கிரகணக் கணக்குத் தவறினால் பழுது இருக்கக்கூடிய முதலிடம் பழைய வாய்பாட்டின் மாறிலிகள். ஓர் இணைப்பின் துருவைக் கண்டு காரின் வயர்க் கட்டு முழுவதையும் வெட்டி எறிவது எவ்வளவு பிழையோ, அவ்வளவு பிழை அந்த முடிவு. கருதலில் பழுதின் இடத்தைக் குறிப்பதற்கும் அதன் அளவைக் குறிப்பதற்கும் சம அக்கறை வேண்டும்.

சமயத்தின் பக்கமும் இதே கண்டிப்போடு பார்க்கப்படவேண்டும். உயிரின் அறிவை மறைக்கும் ஆணவ மலம் பிற பொருளையும் மறைத்துத் தன்னையும் மறைத்துக்கொள்கிறது என்கிறது சித்தாந்தம். இருளாவது பொருள்களை மறைத்துத் தன்னைக் காட்டும். ஆணவம் தன்னையும் காட்டாது என்பது 14ஆம் நூற்றாண்டில் உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் வைத்த வேறுபாடு. விளக்கின் பழுதோடு இதற்கு ஒப்புமை உண்டு: இரண்டும் தம்மைக் காட்டாமல் காரியத்தால் கருதப்படுபவை. ஒப்புமை அங்கே முடிகிறது. துருவை இணைப்பைத் திறந்து எவரும் பார்க்கலாம். ஆணவத்தை அவ்வாறு எடுத்துக் காட்ட முடியாது. சித்தாந்தமும் சூழலைச் சொல்லாமல் விடவில்லை. மலம் பக்குவப்படும் மலபரிபாகம், குருவின் தீக்கை, சாதனை என்று படிகளைச் சொல்கிறது. ஆயினும் அவற்றின் விளைவு சாதகனின் அனுபவத்தில் நிகழ்வது; அயலில் நிற்பவர் அதை அளக்க வழியில்லை. எனவே ஆணவக் கொள்கையை உரையளவையில் நின்று, கருதலால் தாங்கப்பட்டு, அனுபவத்தால் உறுதிபெறும் கொள்கை என்று சொல்வதே நேர்மை. கராச்சில் நிறுவப்படும் கருதலுக்கு நிகராக அதை நிறுத்தினால், சித்தாந்தத்துக்கும் நன்மையில்லை, அளவை நூலுக்கும் நன்மையில்லை.

திருத்தியபின் பழுது தீர்ந்தது என்று எப்போது சொல்லலாம்? பழுதை வரவழைத்து, காரணத்தைக் கண்டு, அதை நீக்கியபின் அதே தட்டலுக்கும் அதே ஈரத்துக்கும் அதே வெப்பத்துக்கும் விளக்கு நூராமல் நின்றால் உடனே சொல்லலாம். வரவழைக்க முடியாமல் சந்தேகப்பட்டதை மட்டும் மாற்றியிருந்தால் காலம் வேண்டும். ஐந்து இரவுக்கு ஒருதடவை என்ற அளவில், ஒழுங்கின்றி வந்த பழுது என்று கொண்டால், அது தீராமலே இருக்கும்போதும் ஓரிரவு தோன்றாமல் போக நூற்றுக்கு 80 பங்கு வாய்ப்பு உண்டு. ஐந்து இரவு தோன்றாமலிருக்க ஏறக்குறைய 33 பங்கு. பத்து இரவுக்கு 11. பதினைந்து இரவுக்கே 4 பங்குக்குக் கீழ் இறங்குகிறது. அதுவும் அந்த இரவுகளில் மழையும் பள்ளமும் இருந்திருந்தால்தான். தை மாதத்து வரண்ட இரவுகள் பதினைந்து, மழையில் மட்டும் வரும் பழுதைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டா.

ஆகவே வரவழைக்க முடியாத பழுதுள்ள காரைத் திருப்பிக் கொடுக்கும்போது, பழுது இல்லை என்று சொல்லாமல், இன்ன சூழலில் இத்தனை நேரம் பார்த்தும் தென்படவில்லை என்று திருத்துபவர் எழுதிக் கொடுக்கவேண்டும். கார் வைத்திருப்பவர், மழையில் ஓடிப் பார்த்து விளக்கு நின்று எரியும்வரை, அந்தக் காரை இரவில் காரைநகர்ப் பாலத்துக்குக் கொண்டுபோகாதிருக்க வேண்டும்.